இரண்டு உப்புகள்

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இரும்பின் குணம் நன்றாகத் தெரியும். ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடியில் துரு பூத்து, பெயின்ட் பொருக்குத் தட்டி உதிரும். கதவுக் கீல் முனகும். பூட்டுக்குள் சாவி திரும்ப மறுக்கும். அந்த ஊரில் ஒரு பழைய பிஸ்டலை வைத்துக் காப்பாற்ற வேண்டியவருக்கு இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. வெளியிலிருந்து கடலின் உப்பு வந்து படிகிறது. உள்ளேயோ தோட்டாவே இன்னோர் உப்பைக் கொண்டுவந்து குழல் முழுக்கப் பூசிவிட்டுப் போகிறது. நூறு ஆண்டுக்கு முந்தைய பிஸ்டல் எதனால் பழுதாகிறது, அதை எப்படித் துடைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு இந்த இரண்டு உப்புகளிலிருந்து தொடங்கினால்தான் சரியான விடை கிடைக்கும்.

தமிழ் நாட்டு வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட பிஸ்டல் புதுச்சேரியோடு தொடர்புடையது. பாரதியார் 1908 முதல் அங்கே இருந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று வந்து சேர்ந்தார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயர் லண்டனிலிருந்து தப்பி, பாரிஸ் வழியாக வந்தார். பிரெஞ்சு ஆட்சிப் பகுதி என்பதால், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற 1878-ம் ஆண்டின் பிரிட்டிஷ் இந்திய ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911-ன் தொடக்கத்தில் அவர் புதுச்சேரிக்கு வந்து, ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்தில் ஐயரிடம் சுடப் பழகினார். ஜூன் 17 காலை மணியாச்சி ரயில் நிலையத்தில், பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை அவர் சுட்டார்; பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல்.

அந்தப் பெயர் அப்போது உலகமெங்கும் அடிபட்டது. 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றதும் பிரௌனிங்தான். லண்டன் இந்தியா ஹவுசிலிருந்து சாவர்க்கர் ரகசியமாக அனுப்பிய இருபது பிஸ்டல்களில் ஒன்று அது. அதே ஆண்டு அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இடோ ஹிரோபுமியைச் சுட்ட கொரிய வீரர் ஆன் ஜுங்-கியுன் கையிலும் பிரௌனிங். 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப் போருக்கு வழிவிட்டதும் பிரௌனிங்கின் 1910-ம் ஆண்டு மாடல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வரைந்து கொடுக்க, லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் எஃப்.என். ஆலை செய்து தள்ளியது. தட்டையாகச் சட்டைப் பைக்குள் அடங்கும், உறுப்புகள் குறைவு, பணம் கொடுத்தால் கிடைக்கும். ரகசியக் குழுக்கள் இதைத் தேடிப் போனதற்கு இவை போதுமான காரணங்கள்.

இந்தப் பிஸ்டலில் டிரிகரை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும்; காலி உறையை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வேலையைப் பிஸ்டலே செய்துகொள்ளும். அதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பழைய பிஸ்டலின் பழுதுகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

1900-ம் ஆண்டு மாடலை எடுத்துக்கொள்வோம். 7.65 மில்லிமீட்டர் தோட்டா, இந்தியாவில் இன்றும்.32 என்ற பெயரில் புழங்குவது. குண்டின் எடை சுமார் 4.6 கிராம். குழலின் நீளம் 10 சென்டிமீட்டர். குண்டு நொடிக்கு ஏறத்தாழ 275 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. இதில் குழலைப் பூட்டி வைக்கும் தாழ்ப்பாள் எதுவும் கிடையாது. ஸ்லைடு என்ற மேற்பகுதி தன் எடையாலும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தாலும் மட்டுமே தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. குண்டு முன்னே போகும்போது அதே உந்தத்தோடு ஸ்லைடு பின்னே வருகிறது. ஸ்லைடின் எடை 300 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதன் வேகம் நொடிக்கு 4.2 மீட்டர். குண்டு குழலைக் கடந்து முடிப்பதற்குள் ஸ்லைடு நகர்ந்திருக்கும் தூரம் வெறும் ஒன்றரை மில்லிமீட்டர். அதனால்தான் தாழ்ப்பாள் இல்லாமலே அடைப்பு நிற்கிறது. உறை வெளியே வருவதற்குள் குண்டு போய்விடுகிறது, அழுத்தமும் அடங்கிவிடுகிறது.

இப்போது சக்தியைப் பாருங்கள். குண்டு எடுத்துக்கொண்டு போவது சுமார் 174 ஜூல். ஸ்லைடுக்குக் கிடைப்பது 2.7 ஜூல் மட்டுமே, நூற்றில் ஒன்றரைப் பங்கு. 300 கிராம் எடையை இடுப்புயரத்திலிருந்து கீழே விட்டால் கிடைக்கும் சக்திதான் இது. இதற்குள்ளேதான் எல்லா வேலையும் முடிய வேண்டும். உறையைக் குழலிலிருந்து உருவ வேண்டும், வெளியே தட்டிவிட வேண்டும், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும், ஸ்பிரிங்கை அழுத்திச் சேமிக்க வேண்டும். திரும்பி வரும்போது, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைப் பெயர்த்துக் குழலுக்குள் தள்ளுவதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான். இவ்வளவு சிக்கனமாக ஓடும் இயந்திரத்தில் உராய்வு சற்றே கூடினாலும் ஏதாவது ஒரு வேலை பாதியில் நிற்கும். எந்த வேலை நின்றது என்பதுதான் பழுதின் அடையாளம்.

உராய்வைக் கூட்டுவதில் முதல் குற்றவாளி பழைய எண்ணெய். எண்ணெய் போட்டு வைத்தால் இரும்பு பத்திரம் என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் எண்ணெயின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஆண்டுகள் போகப் போக அது பழுப்பு நிறப் பிசினாக இறுகுகிறது. ஆளி விதை எண்ணெய் மரத்தில் வார்னிஷாகக் காய்வதும் இதே வேதியியல்தான். நம் வீடுகளில் கைக்குக் கிடைக்கும் தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகுவது குறைவு. ஆனால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்போது அதில் கொழுப்பு அமிலங்கள் பிரிந்திருக்கும். அவை இரும்பை மெல்ல அரிக்கும். தவிர, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். புதுச்சேரியின் மார்கழி விடியலுக்கு அந்தக் குளிர் உண்டு. ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் உறைந்து நின்றால், அடி மெத்தென்று விழும், தோட்டா வெடிக்காது. தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய்தான் சரி. அதையும் துணியில் தொட்டுத் தடவினால் போதும், ஊற்றக் கூடாது.

இனி உப்புகளுக்கு வருவோம்.

தோட்டாவின் பின்பக்க நடுவில் இருக்கும் சிறு கிண்ணம்தான் கேப். ஊசி அதில் அடித்ததும் உள்ளேயிருக்கும் கலவை தீப்பொறியாகி வெடிமருந்தைப் பற்ற வைக்கிறது. வாஞ்சிநாதன் காலத்துக் கேப்களில் அந்தக் கலவையின் முக்கியச் சரக்கு பொட்டாசியம் குளோரேட். அது தன் ஆக்சிஜனைக் கொடுத்து எரித்த பிறகு மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பின் உடன்பிறப்பு. சுடும்போது அது ஆவியாகிக் குழலின் சுவரில் மெல்லிய படலமாகப் படிகிறது. கரடிக்குப்பத்தில் சுட்டுப் பழகிய ஒவ்வொரு நாளும் அந்தக் குழலுக்குள் இந்த உப்பு ஏறியிருக்கும்.

உப்பு உலர்ந்து கிடக்கும்வரை இரும்புக்குத் தீங்கில்லை. ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். ஒவ்வோர் உப்புக்கும் ஒரு வரம்பு உண்டு; காற்றின் ஈரப்பதம் அதைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். பொட்டாசியம் குளோரைடுக்கு அந்த வரம்பு சுமார் 84 சதவீதம். சோடியம் குளோரைடுக்கு 75. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு வெறும் 33 சதவீதம். அதாவது புதுச்சேரியில் அது அநேகமாக எப்போதும் ஈரமாகவே இருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இரவு முழுக்க ஈரப்பதம் இந்த வரம்புகளையெல்லாம் தாண்டி நிற்கும். நேற்றுச் சுட்டு, பளபளவென்று துடைத்து வைத்த குழலில் விடிந்ததும் செம்புள்ளிகள் தெரிவது இதனால்தான்.

குளோரைடு சும்மா நீரைச் சேர்ப்பதோடு விடுவதில்லை. பிஸ்டலின் கருநீலப் பூச்சு உண்மையில் இரும்பின் கறுப்பு ஆக்சைடுதான், சில மைக்ரான் கனமே உள்ள காப்புப் படலம். குளோரைடு அயனி அதில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே நுழைந்து ஒரு புள்ளியைக் குடைகிறது. குழிக்குள் அமிலத்தன்மை கூடுகிறது, அமிலம் மேலும் குடைகிறது. மேலே பார்த்தால் குண்டூசித் தலையளவு துரு. அதைச் சுரண்டினால் அடியில் பள்ளம். நம் மண்டபம் கடற்கரையில், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் அரிமான ஆய்வு நிலையத்தில், இரும்புத் தகடுகளைக் கடற்காற்றில் வரிசையாக நிறுத்தி ஆண்டுக்கணக்கில் அளப்பது இந்த நாசத்தைத்தான்.

பல ஆண்டுகளாகப் பட்டாளங்களில் இந்தத் துருவுக்குக் காரணமாக வெடிமருந்துப் புகையின் அமிலத்தைச் சொல்லி வந்தார்கள். ஆகவே எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், கார சோடாவால் கழுவினார்கள். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் குற்றவாளி கேப்பிலிருந்து வரும் உப்புதான் என்று காட்டினார். அவர் சொன்ன தீர்வு அடுக்களைக்குரியது: உப்பைக் கரைக்க நீர் வேண்டும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்பின் மேல் படர்ந்து அதை உள்ளே வைத்து மூடிவிடும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றும் வழக்கம் சரியானதுதான் என்று வேதியியல் அத்தாட்சி கொடுத்தது. கொதிநீருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: இரும்பு சூடாகிவிடுவதால் மிஞ்சிய ஈரம் தானே ஆவியாகிவிடும். அதன்பிறகு எண்ணெய். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலை வீண். 1920-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் குளோரேட் இல்லாத கேப்கள் வந்தன, இன்றைய.32 தோட்டாக்களில் இந்த உப்பு இல்லை. பழைய இருப்பிலிருந்து எடுத்த தோட்டாவைச் சுட்டவர் மட்டும் வெந்நீரை மறக்கக் கூடாது.

துடைக்கும் வேலைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது; அதன் வரிசையில் உயிர் இருக்கிறது. முதலில் மேகசினை உருவ வேண்டும். பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். ஸ்லைடை முதலில் இழுத்தவர், உள்ளிருந்த தோட்டா வெளியே விழுவதைப் பார்த்துத் துப்பாக்கி காலி என்று நம்பிவிடுவார். மேகசினிலிருந்து அடுத்தது ஏறியிருக்கும். மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, குழலின் பின்வாயைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ‘காலியாகத்தான் இருந்தது’ என்று சொல்லிக் கதறியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இந்த இடத்தில் கண்டிப்பு எவ்வளவு இருந்தாலும் தகும்.

1910-ம் ஆண்டு மாடலில் குழலைத் தனியே கழற்றி வெந்நீரில் அலசலாம். 1900 மாடலில் குழல் சட்டகத்தோடு சேர்ந்தே நிற்கும். வெந்நீரைக் கொட்டினால் உள்ளுறுப்புகளுக்குள் போய்விடும். எனவே பிளானல் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழலுக்குள் விட்டு, துணி வெளுப்பாக வரும்வரை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். பித்தளைத் தூரிகையைக் கூடியமட்டும் பின்பக்கமிருந்து செலுத்துவது நல்லது. குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் குண்டு குறி தப்பும். உறையைப் பற்றி இழுக்கும் கொக்கியின் அடியில் கரியும் பித்தளைத் துகளும் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். பல்குத்தும் குச்சியின் முனையால் அதை எடுத்துவிட்டாலே, உறை வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

கைப்பிடிப் பலகையைக் கழற்றிப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. 1900 மாடலின் பலகை எபோனைட். கந்தகம் கலந்து கெட்டிப்படுத்திய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டுப் பட்டு அது பழுப்பேறும்போது கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகக் கசிகிறது. கை வியர்வையின் உப்பு வேறு அதற்குள் இறங்கியிருக்கும். மேலே குறையே தெரியாத பிஸ்டலில் இந்தப் பலகைக்கு அடியில் சட்டகம் சொரசொரவென்று அரித்திருப்பதைக் காணலாம். எபோனைட்டில் வெந்நீர் படக் கூடாது. நிறம் போய்விடும், வளைந்தும் போகும்.

துடைத்த பிறகும் பழுது நீடித்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியவை ஸ்பிரிங், மேகசின், தோட்டா. 1900 மாடலில் பிரௌனிங் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார்: குழலுக்கு மேலே கிடக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரு நெம்புகோல் வழியாக, ஸ்லைடைத் திருப்பி அனுப்பும் வேலையையும் ஊசியை முன்னே தள்ளும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. சுருளாக நூறு ஆண்டு அழுந்திக் கிடக்கும் எஃகில் படிகங்களுக்குள் நுண்ணிய வழுக்கல்கள் ஏற்பட்டு அதன் நீளம் குறைந்துவிடும். இந்த மாடலில் அது நடந்தால் இரண்டு நோய்கள் ஜோடியாக வரும்: ஸ்லைடு முழுசாக மூடாது, மூடினாலும் கேப்பில் அடி ஆழமாகப் பதியாது. 1910 மாடலில் இரண்டு வேலைக்கும் தனித்தனி ஸ்பிரிங் என்பதால் ஒன்று மட்டும் வரும். வெடிக்காத தோட்டாவின் கேப்பை உற்றுப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டா கெட்டது. மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்தது அல்லது ஊசித் துளையில் பிசின். அந்தத் தோட்டாவைக் கையில் எடுக்க அவசரப்படக் கூடாது. டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் குழலை ஆளில்லாத திசையில் வைத்தபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும்; சில கேப்கள் தாமதித்துப் பற்றும்.

காலி உறை பாதி வழியில் நட்டுக்கொண்டு நின்றால் ஸ்லைடுக்குச் சக்தி போதவில்லை என்று பொருள். அடுத்த தோட்டா மூக்கை இடித்து நின்றால் மேகசினின் உதடுகள் வளைந்திருக்கும். .32 தோட்டாவுக்கே உரிய ஒரு வம்பும் உண்டு. அதன் அடி விளிம்பு உடலைவிட இம்மியளவு அகலம். குட்டையான மூக்குள்ள தோட்டாக்களைப் போட்டால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நழுவ இடம் கிடைத்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு துடைத்தாலும் இது தீராது. பிஸ்டல் எந்த நீளத் தோட்டாவுக்குச் செய்யப்பட்டதோ அதையே போட வேண்டும். ஒரு முறை டிரிகரை இழுத்ததற்கு இரண்டு தோட்டா வெடித்தால், அது தேய்மானத்தின் உச்சம். அதைத் துடைத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளரிடம் போகும்வரை அதில் தோட்டா ஏறக் கூடாது.

தோட்டாவின் பித்தளைக்கும் நம் தட்பவெப்பத்துக்கும் ஒரு பழைய பகை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் ஈரமும், குளிர்ந்த நிலையில் இழுத்து உறையாக வடிக்கும்போதே பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல் உலோகவியலாளர்கள் விளக்கினார்கள். அம்மோனியா கலந்த திரவத்தால் குழலைத் துடைப்பவர் கையைக் கழுவாமல் தோட்டாவைத் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. கழுத்தில் மயிரிழை வெடிப்புத் தெரியும் பழைய தோட்டாவை எந்த நிலையிலும் ஏற்றக் கூடாது.

இந்தியாவில் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் படைகளுக்கும் காவல்துறைக்கும் மட்டுமே. தனியாருக்கு 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமத்தோடு.32 கிடைக்கும். தாத்தா காலத்துப் பிஸ்டல் ஒன்று குடும்பத்தில் இருந்தாலும் அது அநேகமாக இந்த அளவாகவே இருக்கும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டி வரலாம்; வாரக்கணக்கில் அது அங்கே கிடக்கும். பலர் தோல் உறையோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். தோலைப் பதப்படுத்தும் டானின் அமிலமும் உப்பும் ஈரத்தைப் பிடித்து வைத்து, உறையின் வடிவத்திலேயே பிஸ்டலில் துருவை அச்சடிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் கொடுப்பது அதைவிட மேல். திரும்பி வந்ததும் அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுடவே போவதில்லை, நினைவுக்காக வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கு வேறு முறை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியபோது எஸ். பரமசிவன் போராடியதும் குளோரைடோடுதான். மண்ணிலிருந்து எடுத்த சோழர் செப்புத் திருமேனிகளைப் பச்சைப் பொடியாக உதிர்த்துக்கொண்டிருந்த நோய்க்கு அதுவே வேர். உலோகத்தைத் தேய்த்து மினுக்குவது அங்கே வைத்தியம் ஆகாது. மெல்ல மின்சாரம் செலுத்தி குளோரைடை வெளியே இழுப்பதுதான் வைத்தியம். பழைய பிஸ்டலுக்கும் உப்புத்தாளும் பாலிஷும் வேண்டாம். உறைந்த துருவில் எண்ணெய் ஊற வைத்து, செம்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டினால் துரு பெயரும், அடியிலிருக்கும் பூச்சு தங்கும். இறுதியில் நுண்படிக மெழுகு ஒரு பூச்சு.

பெல்ஜியப் பிஸ்டலின் குழலில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் லியேஜ் சோதனை நிலையத்தின் மூன்று எழுத்து முத்திரை இருக்கும். சட்டகத்தில் வரிசை எண் இருக்கும். எந்த ஆண்டு, எந்த ஆலை என்பதற்கு அவையே சாட்சி. நம் ஆயுதச் சட்டத்தின் 8-ம் பிரிவு அடையாள எண்ணை அழிப்பதைத் தடை செய்கிறது; எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பவர், இல்லை என்று நிரூபிக்காதவரை, அதை அழித்தவராகவே கருதப்படுவார். எண்ணின் பள்ளத்தில் துரு ஏறியிருந்தால் மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷும் கனிம எண்ணெயும் மட்டுமே அங்கே படலாம். அதற்கும் மசியாத துருவை அப்படியே விட்டு, மேலே மெழுகு பூசி வைப்பதே சரி.